மூடி பிரித்தால் ஒரு வருடம்

கரட்டுப்புதூரில் உலை வைப்பதற்கு முன்னால் பெண்கள் ஆயில் கேனைத் தொட்டுப் பார்ப்பார்கள். கேன் சுட்டால் வண்டி எங்கோ மலை ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு நிமிடம் சாமியை நினைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பாக இருந்து மெல்ல ஆறினால் ஆள் நிறுத்திச் சாப்பிடப் போயிருக்கிறார். காலையிலிருந்து ஜில்லென்றே கிடந்தால் சரக்கு இறங்கவில்லை, வரிசையில் நிற்கிறார், பாவம். வெளியூரிலிருந்து மருமகள் வந்தால் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். அவள் ஒருநாள் சிரிப்பாள், மறுநாள் யாரும் பார்க்காதபோது தொட்டுப் பார்ப்பாள், அதற்கடுத்த நாள் நமக்கே வியாக்கியானம் சொல்ல வந்துவிடுவாள்.

சங்ககிரிப் பக்கம், பைபாஸிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் இது. இங்கே மாடு இல்லாத வீடு உண்டு, லாரி இல்லாத வீடு இல்லை. லாரிக்கு ஆயில் மாற்ற வாங்குகிற பெரிய கேனில் இன்ஜின் குடித்தது போகக் கொஞ்சம் மிஞ்சும். அதை வண்டியிலேயே வைத்தால் வழியில் எவனாவது லவட்டிக்கொண்டு போய்விடுவான் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்திலோ கட்டிலுக்கு அடியிலோ தள்ளிவைத்து, வண்டி திரும்பி வரும்போது குறைந்த அளவுக்கு ஊற்றிக்கொள்வார்கள். லாரி ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அந்த மிச்ச ஆயிலை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

ஒரு மார்கழிக் காலையில் மயிலாத்தாள் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாறு பிடித்த கை கேனில் பட்டு, சுடுசோற்றுக் குண்டானைத் தொட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. வெளியே பனி கொட்டுகிறது, வீட்டில் அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை, கேன் மட்டும் கொதிக்கிறது. அவள் கணவர் செங்கோடன் சொந்த லாரியில் மகாராஷ்டிரா பக்கம் போயிருந்தார். அவள் போன் போட்டாள். "மலை ஏறிக்கிட்டிருக்கேன், ஓவர் லோடு, வண்டி கொதிக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். மயிலாத்தாள் மறுபடி கேனைத் தொட்டாள். சரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டு மிச்சத்தைக் கூட்டி முடித்தாள், பிறகு பக்கத்து வீட்டு ருக்குமணியிடம் போய், "உங்க ஊட்டுக் கேனத் தொட்டுப் பாரு, பச்சத்தண்ணியாட்ட இருந்தா உங்க ஊட்டுக்காரரு தூங்கறாரு" என்றாள். ருக்குமணி தொட்டுப் பார்த்தாள். தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் இருந்த அத்தனை கேன்களும் கட்டிலடியை விட்டு வெளியே வந்தன. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்கள். வண்டி வடக்கே பனிக்குள் போனால் கேனில் ஆயில் நெய்யாக உறைந்தது, பாலைவனத்துப் பக்கம் போனால் தண்ணீராக இளகியது, இன்ஜினில் ஆயில் கறுக்கக் கறுக்க வீட்டு ஆயிலும் கறுத்தது. கேனைத் தாண்டக்கூடாது என்று ஒரு வழக்கம் தானாக வந்தது, வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது அதற்குப் பின்னாலேயே வந்தது. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வெளியே இருந்து வந்தவர்களும் உண்டு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்து, நல்ல ஆயில்தான் என்று சொல்லி அனுப்பினார். அது எங்களுக்கே தெரியும், எங்கள் ஊர் ஆயில் கடை அத்தியப்பனிடம் வாங்கியதல்லவா.

ஆனால் எந்த அதிசயமும் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கும் ஒரு பராமரிப்பு வேண்டியிருக்கிறது. ருக்குமணி கேனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வாரமாகக் கணவர் மலை ஏறிக்கொண்டே இருக்கிறார், இறங்கவே மாட்டேன் என்கிறார் என்று அழுதாள். "இந்தியாவுல அத்தாச்சோட்டுப் பெரிய மலை எதுடி" என்று மயிலாத்தாள் வந்து கேனை நகர்த்தி வைத்த பிறகுதான் அவர் இறங்கினார். வேறொரு வீட்டில் ஐப்பசி மழையில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதில் ஈரம் உள்ளே போய், ஆயில் பால் கலந்த டீயாகி, வண்டி ஷெட்டில் நிற்கும்போதே கேன் சுட்டது. அப்போதுதான் எல்லோரும் அத்தியப்பன் கடைக்குப் போனார்கள். அவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அன்றும் சொன்னார்: சிமெண்ட் தரையில் வைக்காதே, பலகை போட்டு வை, வெயில் படாமல் வை, மூடியை இறுக்கு, ஒரு கம்பெனி ஆயில்மேல் இன்னொரு கம்பெனி ஆயிலை ஊற்றாதே, சத்து அடியில் தங்கும், அவ்வப்போது குலுக்கி வை. "மூடி பிரிக்காத கேனு நாலஞ்சு வருசம் தாங்குமுங்க. பிரிச்சிட்டா ஒரு வருசம்தான். அப்புறம் அதை நம்பக்கூடாது."

ஒரு வருடக் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்கு அவசியமே வரவில்லை. ஓடுகிற லாரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியாக வேண்டும். பழைய ஆயில் இன்ஜினை விட்டு இறங்கிய அந்த நிமிடமே வீட்டிலிருக்கும் பழைய மிச்சம் ஊமையாகிவிடும், புது மிச்சம் பேச ஆரம்பிக்கும். ஒருமுறை எலி உருட்டிவிட்டு ஒரு வீட்டுக் கேன் முழுக்கக் கொட்டிப்போனது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, சேதி மட்டும் நின்றது. கேனுக்கு இங்கே சொல்லத்தான் தெரியும், இங்கிருந்து அங்கே எதையும் கொண்டுபோகத் தெரியாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

ஆண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். டாபாவில் கொஞ்சம் அதிக நேரம் கட்டிலில் சாய்ந்தால் போன் வந்தது. கூட்டாளிகளோடு நின்று சீட்டு ஆடினால் போன் வந்தது. கடைசியில் டிரைவர்கள் கூடிப் பேசி, இனிமேல் மிச்சமே இல்லாமல் அளந்து வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் காலை அத்தியப்பன் கடை திறக்கும்போது வாசலில் பெண்கள் நின்றார்கள். "அளந்து ஊத்திக் குடுத்தீங்கன்னா பாருங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. அத்தியப்பன் அளக்கும் குவளையைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

மயிலாத்தாளின் கை ஊரிலேயே நுணுக்கமான கை. மற்றவர்களுக்குச் சூடும் குளிரும்தான் தெரியும், அவளுக்கு எந்த கியரில் போகிறார் என்பது வரைக்கும் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள், அதில் பாதி உண்மையாக இருக்கலாம். மகளைக் கரூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் அவளும் கேனும்தான். செங்கோடன் அதிகம் பேசாத மனிதர். ஏதாவது குளத்தைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி வாத்து இறங்குவதைப் பார்ப்பார், பையன்கள் பந்து விளையாடினால் ஒரு ஆட்டம் முடிகிற வரை நிற்பார், முப்பது வருடமாக அப்படித்தான். முப்பது வருடமாக அது அவளுக்குத் தெரியாது. இப்போது கேன் ஆறியதும் கை தானாகப் போனுக்குப் போனது.

"ஏனுங்க, எங்க நிக்கறீங்க?"

"சும்மாதான் மயிலு."

"சும்மா எதுக்கு நிக்கோணும்? ஆரு கூட இருக்காங்க?"

"ஒரு குளம்."

"குளமா? குளத்துக்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

சும்மா நின்றேன் என்பதை எந்த வக்கீல் வந்தாலும் நிரூபிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து போன், ஆறு போன் என்று போய், ஒரு ஆயுதபூஜைக்குப் புது ஆயில் ஊற்றிக்கொண்டு கிளம்பிய நடையில், ராஜஸ்தானில் எங்கோ, ஒரு மத்தியான நேரம் கேன் ஆறி, அவள் கூப்பிட்டு, அவர் பதில் சொல்லி, அவள் நம்பாமல் மறுபடி கூப்பிட்டு, மறுபடியும் கூப்பிட்டபோது செங்கோடன் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "உனக்கு நான் எதுக்கு மயிலு? நீ அந்த ஆயில் கேனோடயே குடித்தனம் பண்ணிக்க."

அதோடு போன் அணைந்தது. அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

அந்த நடை முடிந்து திரும்பி வரவேண்டிய நாள் வந்து போனது, பொங்கல் வந்து போனது, மாரியம்மன் பண்டிகை வந்து போனது, செங்கோடன் வரவில்லை. மகள் கரூரிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனாள். வடக்கே போன எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் அவர் வண்டியை எதிர்ப்பக்கத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்கள் ஊர் வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஹாரன் அடிக்காமல் கடப்பதில்லை. இவர்கள் அடித்தார்கள், அவர் அடிக்கவில்லை. ஆனால் கேன் மட்டும் தினமும் சுட்டது, ஆறியது, சுட்டது. ஊரில் யாரும் செங்கோடனைக் காணோம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் காணாமல் போனவரின் கேன் இப்படிச் சுடாது. காலையில் கோலம் போட வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து கேனைத் தொட்டு, "நல்லா சுடுதுங்கக்கா, அண்ணன் சௌக்கியமா இருக்காரு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேன் சுட்டால் மகிழ்ச்சி என்பது எங்கள் ஊர்க் கணக்கு. உயிரோடு, சௌக்கியமாக, ஓடிக்கொண்டே இருந்து, வீட்டுக்கு மட்டும் வராத ஒருவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. மயிலாத்தாள் ஒவ்வொருத்திக்கும் "ஆமா கண்ணு" என்றாள். அது அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தபோது ஆயில் கருமையெல்லாம் தாண்டி வேறு ஏதோ ஆகிவிட்டது. விரலில் தொட்டால் வழவழப்பே இல்லை, தார்போல ஒட்டியது, வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. அவள் கேனைத் தூக்கிக்கொண்டு அத்தியப்பன் கடைக்குப் போனாள். அத்தியப்பன் ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், முகர்ந்தார்.

"இது எப்பப் பிரிச்ச கேனுங்க?"

"போன பூஜைக்கு. வருசம் ஆகப்போகுது. கேனு கெட்டுப்போச்சுங்களா?"

"கேனு கெடலீங்க. பலகை மேலதானே வெச்சிருந்தீங்க? மூடியும் இறுக்கமாத்தான் இருக்குது. இன்ஜின்ல இருக்கறது கெட்டுப்போச்சு." அவர் விரலை அவளிடம் நீட்டினார். "இரும்புத் தூளு. பேரிங் தேயுது. ஒரு விசயம் ரோசனை பண்ணுங்க. வண்டி தினமும் ஓடுது. இந்த ஒரு வருசத்துல எத்தனையோ வாட்டி அவரு ஆயில் மாத்தியிருக்கோணும். மாத்தியிருந்தா உங்க கேனு அப்பவே செத்திருக்கும். சாகலையே."

மயிலாத்தாளுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. கரட்டுப்புதூர்க்காரன் சோறு இல்லாமல் இருந்தாலும் இருப்பான், வண்டிக்கு ஆயில் மாற்றாமல் இருக்க மாட்டான். ஆயில் மாற்றினால் வீட்டில் கேன் ஊமையாகிவிடும், அவள் அவர் செத்துப்போனதாக நினைத்துவிடுவாள் என்று, கோபித்துக்கொண்டு போன அந்த மனிதர் ஒரு வருடமாக அதே ஆயிலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பேச மாட்டார், வர மாட்டார், ஆனால் இருக்கிறேன் என்பதை மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்ஜினைத் தேய்த்துத் தேய்த்து.

"இன்னம் எத்தனை நாளைக்கு ஓடுமுங்க?"

"ஓடறவரைக்கும் ஓடும். இறக்கத்துல லோடோட வரும்போது இன்ஜின் புடிச்சிக்கிச்சுன்னா..." அத்தியப்பன் அதை முடிக்கவில்லை. லாரிக்காரர் வீட்டுப் பெண்ணிடம் அதை முடிக்கத் தேவையில்லை. இன்ஜின் இறுகினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்குக் காற்று ஏறாது.

அன்றிலிருந்து கேன் சுடும்போதெல்லாம் அவள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறினால்தான் எழுந்தாள். அவர் ஆயில் மாற்ற வேண்டும், மாற்றினால் அவளுக்கு இருந்த ஒரே சேதியும் அறுந்துபோகும். அவள் இங்கே கேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிற வரையில் மாற்றப்போவதில்லை. இதை யோசித்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுதபூஜைக்கு எங்கள் ஊர் லாரிகள் எந்த மூலையில் இருந்தாலும் வந்து சேரும். வண்டிகளைக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்த மத்தியானம், இத்தனை ஆண்களும் பெண்களும் கூடியிருக்கிற நேரம் பார்த்து மயிலாத்தாள் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அத்தியப்பன் கடைக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கிறது, ஊர் வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய ஆயிலையெல்லாம் அதில்தான் கொட்டுவார்கள். அவள் அதன் முன்னால் நின்று மூடியைத் திருகினாள்.

"அக்கா, அக்கா, என்ன பண்றீங்க!" ருக்குமணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கேனு இல்லாம அண்ணன் இருக்காரா இல்லையான்னு எப்படிங்கக்கா தெரியும்?"

"தெரியாமயே இருக்கட்டும்" என்றாள் மயிலாத்தாள். "தெரியாம இருந்தப்பத்தான் கண்ணு அவரு வந்து வந்து போய்ட்டிருந்தாரு."

ருக்குமணி கையை எடுத்துவிட்டாள். கறுப்பு ஆயில் கெட்டியாக, அவசரமில்லாமல் டிரம்முக்குள் இறங்கியது. கேன் கையிலேயே சூடு குறைந்து வெறும் பிளாஸ்டிக் ஆனதை அவள் உணர்ந்திருப்பாள், ஏனென்றால் அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, இத்தனை பேர் முன்னால். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "கண்ணால பாத்துக்கிட்டீங்கல்ல? நானா பொய் சொன்னதா ஆகக்கூடாது. அவரை எங்க பாத்தாலும் சொல்லுங்க. கேனைக் கொட்டிட்டா, இனி ஆரும் தொட்டுப் பாக்கறதில்லை, ஆயில் மாத்திக்கிட்டு எங்க வேணா நில்லுங்க, எத்தனை நேரம் வேணா நில்லுங்கன்னு."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள், அந்த ஒரு முறை அதனால் நன்மை விளைந்தது. பூஜை முடிந்து கிளம்பிய வண்டிகள் அத்தனையும் இந்தச் சேதியைச் சுமந்துகொண்டு போயின. டாபாக்களில் சொன்னார்கள், புக்கிங் ஆபீஸ்களில் சொன்னார்கள், இட்லி கிடைக்கிற நெடுஞ்சாலைக் கடைகளில் எல்லாம் சொல்லி வைத்தார்கள், எதிரில் வருகிற தமிழ்நாட்டு வண்டியை நிறுத்தியும் சொன்னார்கள். ஊருக்குள் சில பெண்கள் தங்கள் கேனையும் கொட்டினார்கள், பலர் கொட்டவில்லை, கொட்டாதவர்கள் போன் போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மயிலாத்தாள் கட்டிலடியில் இருந்த பலகையை எடுத்து அடுப்பில் வைத்து எரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் தெரியவில்லை. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா, மலையா, பள்ளமா, ஆள் உண்டா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. காலையில் எழுந்தால் கை தானாகக் கட்டிலுக்கு அடியில் போகும், வெறும் தரையைத் தொட்டுவிட்டு வரும்.

கார்த்திகை மாதம் ஒரு காலை பத்து மணிவாக்கில் பைபாஸ் பக்கமிருந்து ஹாரன் சத்தம் வந்தது. ஊருக்குள் நின்ற வண்டிகள் பதிலுக்கு அடித்தன. மயிலாத்தாள் வாசலுக்கு வரும்போது செங்கோடன் கேபினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், இளைத்திருந்தார், தாடி வெளுத்திருந்தது. "ஆயில் மாத்திட்டேன். மிச்சத்தை அங்கயே ஒரு டிராக்டர்க்காரருக்குக் குடுத்துட்டேன்" என்றார். "நல்லதுங்க, கை கால் கழுவுங்க" என்றாள் அவள்.

எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததால்தானோ என்னவோ, வாழ்நாளில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர் சாப்பிடும்போதே பேச ஆரம்பித்தார். தை மாசம் ஒரு மலை ஏறினேன், மூணு நாள் வண்டி கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு என்றார். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே "அப்படீங்களா" என்றாள். அந்த மூன்று நாளும் அவள் சோறு தின்னவில்லை. மாசியில் காஷ்மீர்ப் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டேன், வண்டி கிளம்பவே இல்லை என்றார். "அய்யோ, அப்படீங்களா" என்றாள். கேனைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. ஒவ்வொன்றையும் முதன்முதலாகக் கேட்கிறவள்போலக் கேட்டாள், கண்ணை அகல விரித்தாள், மோவாயில் கை வைத்தாள், அவர் உற்சாகமாகி இன்னும் சொன்னார்.

கடைசியில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, அவளைப் பார்க்காமல், "சித்திரையில ஒரு நாள் டோல்கேட் வரைக்கும் வந்தேன்" என்றார். "நம்ம பைபாஸ் டோல்கேட்டுத்தான். இங்கிருந்து நடந்தே வந்தர்லாம். காத்தால இருந்து வெயில் தாழற வரைக்கும் ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். நீ வருவேன்னு பாத்தேன். அப்புறம் வண்டியத் திருப்பிட்டேன்."

கேன் சூட்டைச் சொல்லும், குளிரைச் சொல்லும், திசையையும் தூரத்தையும் அது ஒருநாளும் சொன்னதில்லை. அன்று முழுக்கக் கேன் ஆறியே கிடந்ததும், ராஜஸ்தானோ குஜராத்தோ எங்கேயோ சரக்கு இறங்கவில்லைபோல என்று நினைத்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. இந்த முறை "அப்படீங்களா" என்று நடிக்க வேண்டியிருக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.